மிஷன் பானை

ஏப்ரல் 28, ஞாயிறு

இன்று சாயங்காலம் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் இருந்தவர்கள்: நான். என் மகன் ராஜசிங். அவன் பெண்டாட்டி பியூலா. அவர்கள் பிள்ளைகள் கெசியா, யாபேஸ். என் மகள் வயிற்றுப் பேத்தி தாமார். சபை ஐயர், எங்கள் கோயில் போதகர். ஐயரம்மா. பக்கத்து வீட்டுத் தங்கராஜ், கடைசிப் பாட்டுக்கு வந்து பலகாரத்துக்கு முதலில் கை நீட்டியவன். அப்புறம் சுவரில் என் அப்பா. படம்தான், ஆனாலும் அவர் இருக்கும் அறையில் அவரை விட்டுவிட்டு எண்ணுவது மரியாதை இல்லை. முப்பது வருஷம் இந்தப் பொறுமைபுரம் சபைக்கு மூப்பராக இருந்தவர். தினம் காலையில் அவரைத் துடைத்த பிறகுதான் அடுப்பு பற்றவைப்பேன்.

ஐயரம்மா வடை கல்லாக இருக்கிறது என்று ஐயர் காதில் சொன்னாள். கேட்டது. மூன்று சாப்பிட்டாள்.

ஐயர் கடைசியில் ஒருத்திக்காக ஜெபித்தார். பேரைச் சொல்லித்தான் ஜெபித்தார். நான் இந்த டைரியில் அந்தப் பேரை எழுதமாட்டேன். கோயிலுக்குத் தெற்கே ஓட்டு வீட்டில் இருக்கும் டீச்சர். தெற்கு வீட்டுக்காரி என்றால் போதும். கல்யாணம் கட்டவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போய், இப்போது கோலை ஊன்றி நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடக்கிறாளாம். காலையில் ஒரு பொம்பிளை வந்து வேலையைப் பார்த்துவிட்டுப் போகிறாள், மற்ற நேரம் தனி. அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து மே முப்பத்தொன்றாம் தேதி வந்து நாகர்கோவிலில் ஏதோ முதியோர் இல்லத்தில் சேர்க்கப்போகிறான். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். அவள் போவதற்குத்தான் என் ஆமென்.

பிள்ளைகள் லீவு முழுக்கப் போனில் கிடக்கக்கூடாது என்று ஐயர் ஒரு பச்சை அட்டைப் புத்தகம் கொடுத்தார். மிஷனெரி கதைகள். தினம் ஒரு கதை ஆச்சி வாசித்துக் காட்டவேண்டுமாம்.

"அத்தைக்கு வாசிக்க வருமா ஐயா?" என்று பியூலா கேட்டாள்.

ஐந்தாம் வகுப்புவரை படித்தேன். அந்த ஐந்து வகுப்பும் இன்றைக்கும் என்னிடம் அப்படியே இருக்கிறது. பியூலா எம்.எஸ்சி. படித்தாள், அதை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 30, செவ்வாய்

மகனும் மருமகளும் நேற்றே சென்னைக்கு ரயில் ஏறிவிட்டார்கள். பிள்ளைகள் மூன்றும் மே முடியும்வரை என்னிடம். கெசியாவுக்குப் பன்னிரண்டு வயது, கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவள். யாபேசுக்கு ஒன்பது. தாமாருக்கு ஆறு, முன்பல் இரண்டும் இல்லை.

முதல் கதை வாசித்தேன். ஒரு துரை கப்பலில் போய் ஒரு தீவில் இறங்கினார். ஏழு வருஷம் பிரசங்கம் பண்ணினார். ஒருவனும் வரவில்லை. எட்டாம் வருஷம் ஒருவன் வந்தான், அதுவும் துரையின் குடையைக் கேட்டு.

"ஏழு வருஷமும் சம்பளம் வந்துச்சா ஆச்சி?" என்றான் யாபேஸ்.

"வந்திருக்கும்."

"அப்போ பரவால்ல."

தாமார் யோசித்துக்கொண்டே இருந்தாள். "இயேசப்பா எல்லா இடத்துலயும் இருப்பாருல்ல ஆச்சி. அப்போ துரை வர்றதுக்கு முன்னாடியே அந்தத் தீவுல இருந்திருப்பாரு. பிறகு துரை எதுக்கு?"

"அவரு இருக்காருன்னு சொல்லுததுக்கு ஒரு ஆளு வேணும்லா."

"அவரே சொல்லிருக்கலாம்ல."

"சாப்பிட வாங்க" என்றேன். விசுவாசத்தைப் பற்றிய கேள்விக்கு எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து அதுதான் பதில்.

மே 2, வியாழன்

வடகம் காய்ந்தது. ஒரு காக்கா வந்து கொத்திப்போட்டது. அதற்கு இடது சிறகில் வெள்ளை இருக்கிறது. ஞாபகம் வைத்திருக்கிறேன்.

மே 4, சனி

கதை வாசிக்க வாசிக்கப் பிள்ளைகளுக்கு மிஷனெரி ஆகிவிடும் வேகம் வந்துவிட்டது. புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் அஞ்ஞானிகள் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் யார் என்று கெசியா கேட்டாள்.

"நம்மளத் தவிர மத்தவங்க."

"நம்ம ஊர்ல எத்தனை பேர் இருக்காங்க?"

ஒருவர்கூட இல்லை. தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலேயே பொறுமைபுரத்தில் எல்லோருக்கும் ஞானஸ்நானம் ஆகிவிட்டது. வீட்டுக்கு வீடு வேதப்புத்தகம், வீட்டுக்கு வீடு வழக்கு. பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. இவ்வளவு தயாராக இருக்கும் மிஷனெரிமாருக்குப் போக ஓர் ஊர் இல்லை.

மத்தியானம் பக்கத்து ஊர் தபால்காரர் இசக்கிமுத்து வந்தார். மூன்றும் அவரை மடக்கி உட்காரவைத்து, மோர் கொடுத்து, தீவுக்குப் போன துரையின் கதையைச் சொல்லின. அவர் மோரைக் குடித்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாருக்கு பிள்ளேளா. அடுத்த செவ்வாய் எங்க அம்மனுக்குக் கொடை. வில்லுப்பாட்டு இருக்கு. நீங்களும் வாங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தார்.

போகலாமா என்று யாபேஸ் கேட்டான். மிஷனெரி வேலையில் இது ஒரு ஆபத்து.

அப்புறம் கெசியா வேறு பக்கமாக வந்தாள். "ஆச்சி, நம்ம வீட்டு ஆளுங்க யாருமே இதுவரைக்கும் போகாத வீடு ஏதாவது இந்த ஊர்ல இருக்கா?"

"தெற்கு வீடு."

"அங்க யார் இருக்காங்க? டேஞ்சரா?"

"ஆளையே முழுங்கிருவா."

மூன்றும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. நான் புளியில் கொட்டை எடுக்கப் போய்விட்டேன்.

மே 7, செவ்வாய்

சோற்றுக்கு அரிசி களையும் முன் ஒரு பிடி எடுத்து மிஷன் பானையில் போடுவது எங்கள் சபை வழக்கம். மாதக் கடைசி ஞாயிறு பானையைக் கோயிலுக்குக் கொண்டுபோவோம். அங்கே அளந்து, விற்று, பணம் மிஷனெரிமாருக்குப் போகும். எங்கள் வீட்டுப் பானை அம்மா காலத்துப் பானை. ஒரு நாளும் பிடி தவறியதில்லை.

போன வாரம் கழுத்துக்கு இரண்டு விரல் கீழே இருந்த அரிசி இன்றைக்கு இடுப்பில் நிற்கிறது. எலி என்றால் சிந்தியிருக்கும். இது சிந்தாமல் தின்கிற எலி. மத்தியானம் நான் படுத்திருக்கும்போது வருகிற எலி. திரும்பி வரும்போது காலில் செம்மணலும் தலையில் வேப்பம்பூவும் இருக்கும். பொறுமைபுரத்தில் வேப்பமரம் தெற்கு வீட்டு முற்றத்தில்தான்.

நான் எதையும் பார்க்கவில்லை.

மே 8, புதன்

மிஷன் பானை அரிசி பழசு, வண்டு பிடிக்கும். கொட்டிவிட்டுப் புது அரிசி போட்டேன். வண்டுக்காகத்தான்.

மே 9, வியாழன்

ஆறாம் கதைக்கு அப்புறம் எட்டாம் கதையை எடுத்தேன். கெசியா கண்டுபிடித்துவிட்டாள்.

"ஆச்சி, ஏழாவது சாப்டரை விட்டுட்டீங்க."

"எழுத்து பொடிசா இருக்கு."

"எல்லாம் ஒரே சைஸ்தான்."

"அது கரையான் அரிச்சிருக்கு."

"இல்லையே. நல்லாத்தான் இருக்கு."

"ஏட்டி, ஆச்சி சொன்னா சொன்னதுதான்" என்று புத்தகத்தை மூடிவிட்டேன்.

அந்தக் கதையை வாசிக்கவேண்டிய தேவை எனக்கு இல்லை. உப்பு கேட்டு வந்த கிழவியின் கதை. ஐம்பத்தெட்டாம் வருஷம் இதே கதையை, இதே வார்த்தைகளில், நின்றபடி சொன்னவள் நான். ஊரில் ஐந்தாம் வகுப்பில் இரண்டு பெண்பிள்ளைகள், நானும் தெற்கு வீட்டுக்காரியும். ஒரே பாயில் படுப்போம், ஒரே சிலேட்டில் எழுதுவோம். பாளையங்கோட்டை போர்டிங் பள்ளிக்கூடத்தில் எங்கள் ஊருக்கு ஒரு சீட்டு. பங்களாவில் இருந்த வெள்ளைக்கார மிசியம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டு, ஒரு மிஷனெரி கதையை மனப்பாடமாகச் சொல்லச் சொன்னார்கள். யார் நன்றாகச் சொல்கிறாளோ அவளுக்குச் சீட்டு.

நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன். மிசியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். அவள் பாதியில் நின்று அழுதாள். இரண்டு வரி நான் எடுத்துக்கொடுத்தேன். அப்படியிருந்தும் ஒரு வாரம் கழித்து மாட்டுவண்டியில் தகரப்பெட்டியோடு ஏறியது அவள். வண்டி எங்கள் வாசலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் அம்மாதான் பங்களாவில் சமையல். வேறென்ன எழுதவேண்டும்.

அப்பா என்னைத் தோளில் சாய்த்து, "தேவசித்தம் தாயீ, அழாத" என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர். அந்த வருஷம்தான் அம்மாவுக்கு ஆறாவது பேறு, படுத்த படுக்கை. பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்ற வீட்டில் ஆள் இல்லை. நல்லவேளையாக நான் இருந்தேன். அப்பாவே அப்படித்தான் சொல்வார்: "நல்லவேளை, எம்மக ஞானப்பூ வீட்டுல இருக்கா." என் தம்பி தங்கச்சி ஐந்து பேரையும் நான்தான் வளர்த்தேன். எல்லோரும் காலேஜ் படித்தார்கள்.

அவள் டீச்சராகி, ஊருக்கே வந்து, ஹெட்மிஸ்ட்ரஸ் ஆகி ரிட்டையர்டு ஆனாள். என் மகனுக்கும் அவள்தான் அ போட்டுக் கொடுத்தாள். அப்போதும் நான் பள்ளிக்கூட வாசலோடு நின்றுகொண்டேன்.

மே 12, ஞாயிறு

கோயிலில் ஐயர் சிநேகிதத்தைப் பற்றிப் பிரசங்கம். நீளம். மின்விசிறி ஓடவில்லை. தெற்குப் பக்கம் இரண்டாவது பெஞ்சு ஓரம் காலியாக இருந்தது. கவனித்தேன் என்று இல்லை, நேர் எதிரே இருப்பதால் தெரிகிறது.

மே 14, செவ்வாய்

யாபேஸ் உடைத்துவிட்டான். ரகசியம் அவனிடம் எட்டு நாள் நின்றதே பெரிது.

புத்தகத்தில் மிஷனெரிமார் கொண்டுபோவதுபோல ஒரு சோப்பு, ஒரு கண்ணாடி, கொஞ்சம் ஊக்கு, ஒரு படி அரிசி எடுத்துக்கொண்டு மூவரும் தெற்கு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஆளை முழுங்குகிறவள் என்பதால் தாமார் வேலிக்கு வெளியே காவல். முழுங்கினால் ஓடிவந்து எனக்குச் சொல்லவேண்டும்.

"டீச்சர் ஆச்சி நாற்காலில உக்காந்திருந்தாங்க. எங்களைப் பாத்துட்டு, என்ன வேணும்னு கேட்டாங்க. நாங்க மிஷனெரிஸ்னு சொன்னோம்."

"அவ என்ன சொன்னா?"

"ஞானப்பூ அனுப்பினாளான்னு கேட்டாங்க. இல்ல, கர்த்தர் அனுப்பினாருன்னு அக்கா சொன்னா. அதுக்கு அவங்க, 'ஞானப்பூகிட்ட கேக்காம அனுப்பியிருக்காரா, அவருக்குத் தைரியம்தான்'னு சொன்னாங்க."

அவளுக்கு அந்த வாய் சின்ன வயசிலேயே உண்டு.

கெசியா முன்னால் வந்து நின்றாள். "திட்டுங்க ஆச்சி. ஆனா அது மிஷன் அரிசிதான். நாங்க வீட்டு அரிசியைத் தொடல. மிஷனுக்குத்தானே கொடுத்தோம்."

சட்டப்படி சரியாக இருக்கிறது. அப்பா மூப்பராக இருந்த சபையில் அவள் வாதாடியிருந்தால் அப்பாவே ஒத்துக்கொண்டிருப்பார்.

"அந்த அரிசிய யாரு பொங்குதா?" என்றேன்.

"டீச்சர் ஆச்சிதான். நின்னுக்கிட்டே. கஞ்சிதான் வைக்கிறாங்க. தொட்டுக்க ஒண்ணும் இல்ல."

மே 15, புதன்

துவையல் கொஞ்சம் கூடுதலாக அரைத்துவிட்டேன். கை தவறிவிட்டது. மூடிபோட்ட கிண்ணத்தில் மிஷன் பானைப் பக்கத்தில் வைத்தேன். மத்தியானம் எழுந்து பார்த்தால் இல்லை.

மே 16, வியாழன்

அவியலும் கூடிவிட்டது.

மே 18, சனி

தாமார் காலிக் கிண்ணத்தோடு வந்தாள். "ஆச்சி, டீச்சர் ஆச்சி உப்பு கேட்டாங்க."

"அவியல்ல உப்பு சரியாத்தானே இருந்துது."

"அவியலுக்கு இல்ல. சும்மா உப்பு. கொஞ்சம் உப்பு கேட்டேன்னு ஞானப்பூகிட்ட சொல்லுன்னாங்க."

எனக்குத் தெரியாதா. அறுபத்தாறு வருஷம் ஆனாலும் எனக்குத் தெரியாதா.

ஒரு கிண்ணம் கல்லுப்பு கொடுத்துவிட்டேன். உப்புக்கு இல்லை என்று சொல்லக்கூடாது.

மே 21, செவ்வாய்

தினமும் உப்பு. கொடுத்துவிடுகிறேன். வேறொன்றும் இல்லை.

இன்றைக்கு வாசித்த கதையில் தன் கணவனைக் கொன்றவர்களுக்கு ஒரு அம்மாள் வைத்தியம் பார்க்கிறாள். முடிக்குமுன்பே கெசியா ஆரம்பித்தாள்.

"ஆச்சி, மன்னிக்கிறதுன்னா என்ன?"

"தப்பு செஞ்சவ வந்து கேக்கணும். கேட்டா குடுக்கணும்."

"கேக்கலைன்னா?"

"கேக்காம எப்பிடிக் குடுக்க? கடையில போய் நிக்காதவளுக்கு எவன் சாமான் கட்டுவான்?"

"இந்தம்மாட்ட யாரும் கேக்கலையே. அவங்களாத்தானே போனாங்க."

"அவ வெள்ளைக்காரி. அவளுக்கு வேலை இல்ல."

யாபேஸ் விழுந்து விழுந்து சிரித்தான். கெசியா சிரிக்கவில்லை. "டீச்சர் ஆச்சி உங்ககிட்ட மன்னிப்பு கேக்க மாட்டாங்களாம். நான் கேட்டுப் பாத்துட்டேன். அவங்க எதுவும் செய்யலைன்னு சொல்றாங்க."

செய்யவில்லையாம். எழுதி வைக்கிறேன், அந்த வார்த்தையையும்.

மே 23, வியாழன்

இன்று பிள்ளைகள் வீட்டுக்குள் வராமல் வாசலில் வரிசையாக நின்றார்கள். கையில் சோப்பு, கண்ணாடி, ஊக்கு. நான் கொடுத்து அனுப்பாமலே போன அதே சாமான்கள்.

"என்னலே கோலம்?" என்றேன்.

"டீச்சர் ஆச்சி எங்களைத் திரும்ப இங்க அனுப்பியிருக்காங்க" என்றான் யாபேஸ். "மிஷனெரியா. எங்க வீட்டுக்கா, அங்கதான் எல்லாரும் கிறிஸ்டியன்ஸாச்சேன்னு நான் சொன்னேன். அதனாலதான் கஷ்டமான ஃபீல்டுன்னு சொன்னாங்க."

தாமார் கண்ணாடியை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். அதை நான் மறக்கமாட்டேன். யார் சொல்லிக்கொடுத்தது என்பதையும்.

"ஏழாவது கதையை உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றாள் கெசியா. "புத்தகத்துல இருந்து வேண்டாமாம். முழுசா சொல்லத் தெரிஞ்சவங்க இந்த ஊர்ல ஒரே ஒருத்தர்தானாம்."

அரிவாள்மனையில் வாழைக்காய் பாதி அறுத்தபடி கிடந்தது. சொன்னேன். மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர். ஒரு மிசியம்மா ஊருக்கு வெளியே குடிசை போட்டுத் தனியாக இருந்தாள். அவளோடு யாரும் பேசவில்லை. ஒரு கிழவி மட்டும் தினமும் வந்து, "கொஞ்சம் உப்பு" என்பாள். வேறு ஒரு வார்த்தை பேசமாட்டாள். வாங்கிக்கொண்டு போய்விடுவாள். பாவம், ஏழை என்று மிசியம்மா தினமும் கொடுத்தாள். வருஷம் பல போயிற்று. ஒரு நாள் கிழவி வரவில்லை. மிசியம்மா தேடிப்போனாள். கிழவி இறந்து கிடந்தாள். குடிசை நிறையப் பானை, சுரைக்குடுக்கை, தொன்னை. எல்லாவற்றிலும் உப்பு, தொடாத உப்பு. அவளுக்கு உப்பு தேவையே இல்லை. வந்து பார்த்துப்போக வேறு ஒரு காரணம் அவளுக்குக் கிடைக்கவில்லை.

ஒரு சொல் விடவில்லை.

"அந்தப் பாட்டி கிறிஸ்டியன் ஆனாங்களா?" என்றான் யாபேஸ்.

"புஸ்தகத்துல இல்ல."

"அப்போ மிஷன் ஃபெயிலா?"

கெசியா தம்பியை முழங்கையால் இடித்தாள். அப்புறம் மெதுவாக, "ஆச்சி, டீச்சர் ஆச்சி வீட்டு அலமாரில உப்பு பாக்கெட் பாக்கெட்டா இருக்கு" என்றாள்.

வாழைக்காய் கறுத்துப்போயிற்று. வறுவல் நன்றாக வரவில்லை.

மே 26, ஞாயிறு

மிஷன் அரிசி அளக்கிற நாள். ஐயருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் ஒவ்வொரு வீட்டுப் பானையையும் அளந்து பேரோடு வாசித்தார். எங்கள் வீட்டுப் பானையைக் கவிழ்த்தார், உள்ளங்கை அளவு விழுந்தது. கோயில் முழுக்க என்னைப் பார்த்தது. தங்கராஜ் பெண்டாட்டி பக்கத்தில் இருப்பவளிடம் ஏதோ சொன்னாள். சொல்லட்டும், அவள் கணக்கு தனியே இருக்கிறது.

"என்னம்மா, இந்த மாசம் குறைஞ்சிருக்கே" என்றார் உபதேசியார்.

"எங்க மிஷன் பக்கத்துலயே இருந்துது. நேரா குடுத்துட்டோம். உங்களுக்கு வண்டிக்கூலி மிச்சம்."

போர்டிங் சீட்டு போன கதையைப் பிள்ளைகள் என்னிடம் பிடுங்கி நாள் ஆயிற்று. சாயங்காலம் யாபேஸ், எதையோ சொல்ல வந்தவன்போல என்னைச் சுற்றிச் சுற்றி வந்தான். "ஆச்சி, நான் டீச்சர் ஆச்சிட்ட நேரா கேட்டுட்டேன். எங்க ஆச்சி சீட்டை ஏன் எடுத்தீங்கன்னு."

"என்ன சொன்னா?"

"எடுக்கல, குடுத்தாங்கன்னாங்க. யாரு குடுத்தாங்கன்னு கேட்டேன். அதுக்கு, உங்க ஹால்ல இருக்கிற பெரிய தாத்தா படத்தை ஆச்சி இன்னும் துடைக்கிறாளான்னு கேட்டாங்க. டெய்லி துடைப்பாங்கன்னு சொன்னேன். அப்போ நீ போய் விளையாடுன்னாங்க."

மே 27, திங்கள்

அப்பா படத்தைத் துடைக்க மறந்துவிட்டேன். அடுப்பு வேலை இருந்தது.

மே 28, செவ்வாய்

தெற்கு வீட்டில் உப்பு தீர்ந்திருக்கும். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், எழுப்ப மனம் இல்லை. குடையை எடுத்துக்கொண்டு நானே போனேன்.

அவள் சன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். தலை முழுக்க வெள்ளை. அறுபத்தாறு வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

"வாசல்லயே நிக்காத ஞானப்பூ. உள்ள வா, இல்ல போ. வெயில் உள்ள வருது."

உள்ளே போனேன். உப்புக் கிண்ணத்தை மேசையில் வைத்தேன். அவள் சிரிப்பை அடக்கினாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

"எங்கப்பா பேரை பிள்ளேள்ட்ட எதுக்கு இழுத்த?"

"நான் பேரைச் சொல்லல. படத்தைத் துடைக்கியான்னு கேட்டேன்."

"துடைப்பேன். அவரு நீதிமான்."

"சரி."

"என்ன சரி?"

"சரின்னா சரிதான். விடுட்டி. வெள்ளிக்கிழமை வண்டி வருது, நான் போயிருவேன். உனக்கும் நிம்மதி."

"சீட்டை யாரு குடுத்தான்னு சொல்லிட்டுப் போ."

அவள் கோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். எனக்கு ஒரு சொல்லும் விட்டுப்போகாது.

"மிசியம்மா உன் பேரைத்தான் எழுதினாங்க. மறுநாள் சாயங்காலம் உங்கப்பா பங்களாவுக்கு வந்தாவ. எங்கம்மா உள்ள சமையல், நான் பின்வராந்தால தட்டு கழுவிட்டு இருக்கேன். ஞானப்பூவுக்கு வலிப்பு வரும், போர்டிங்ல விட்டா செத்துப்போவான்னு உங்கப்பா சொன்னாவ. மிசியம்மா ரொம்ப வருத்தப்பட்டு உன் பேரை அடிச்சிட்டு என் பேரை எழுதுனாங்க."

"எனக்கு வலிப்பு கிடையாது."

"எனக்குத் தெரியாதா? உன் பக்கத்துலதான படுப்பேன்."

மேசையிலிருந்த உப்புக் கிண்ணத்தை ஓரத்துக்கு நகர்த்தினேன்.

"திரும்பி வரும்போது உங்கப்பா என்னைப் பாத்துட்டாவ. அவியளுக்கு முகம் செத்துப்போச்சு. முழங்கால் போட்டு என் ரெண்டு கையையும் பிடிச்சிக்கிட்டு, 'எம்மககிட்ட சொல்லிராத தாயீ. வீட்டுல கருப்பட்டி காய்ச்ச ஆளில்ல. அவ என்னை நம்பி இருக்கா'ன்னு அழுதாவ. சபை மூப்பர் என் முன்னால முழங்கால் போட்டா நான் என்ன செய்ய? எனக்குப் பத்து வயசு. சொல்லமாட்டேன்னேன்."

"அவரு செத்து முப்பத்தொரு வருஷம் ஆச்சே."

"ஆச்சு."

"அப்பவாவது சொல்லிருக்கலாம்லா."

"சொல்லத்தான் வந்தேன். அடக்கம் முடிஞ்ச மூணாம் நாள் உன் வாசலுக்கு வந்தேன். சன்னல் வழியா பாத்தா, நீ முந்தானையால அவரு படத்தைத் துடைச்சிட்டு இருந்த. பிள்ளைக்குத் துடைக்க மாதிரி. திரும்பிட்டேன்." கோலை மடியிலிருந்து எடுத்து ஊன்றினாள். "திட்டுததுக்கு உனக்கு ஒரு ஆளு வேணும் ஞானப்பூ. நான் இருந்தேன். அவரைத் திட்டிருந்தா உனக்குன்னு யாரு இருந்திருப்பா?"

எழுந்து வந்துவிட்டேன். குடையை அங்கேயே மறந்துவிட்டேன். வெயில் ஒன்றும் தெரியவில்லை.

மே 29, புதன்

கதை வாசிக்கவில்லை. தலைவலி என்று சொன்னேன். தாமார் என் நெற்றியில் கைவைத்து ஜெபித்தாள், பாதியில் தூங்கிவிட்டாள்.

மே 31, வெள்ளி

இன்று தெற்கு வீட்டில் இருந்தவர்கள்: அவள். பெங்களூரிலிருந்து வந்த அண்ணன் மகன், கூலிங் கிளாசோடு. கார் டிரைவர். ஐயர். ஐயரம்மா, வழியனுப்பப் பலகாரம் இருக்குமென்று வந்தவள். கெசியா, யாபேஸ், தாமார். நான்.

பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. பழைய தகரப்பெட்டி, அதே பெட்டி. அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டில் குனிந்த அதே குனிவு. நான் போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றேன். வாசலில் நிழல் அங்கேதான் இருந்தது.

"தம்பி, பெட்டிய இறக்கு" என்றேன்.

"நீங்க யாரு ஆன்ட்டி?"

"உங்க அத்தைக்கு விரோதி."

அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டான். நான் சொன்னேன்: "எங்களுக்குள்ள ஒரு வழக்கு பாக்கி இருக்கு. அது தீராம இவ ஊரை விட்டுப் போகக்கூடாது. நாகர்கோவிலுக்குத் தினம் பஸ் ஏறிப் போய்ச் சண்டை போட எனக்கு முட்டு வலி."

"வழக்கு எப்போ தீரும்?"

"ரெண்டுல ஒருத்தி போனா தீரும்."

"இங்க இவங்களை யாரு பாத்துக்குவாங்க?"

"நான் பாக்கமாட்டேன். எங்க வீட்டு மிஷன் பானை பாத்துக்கிடும்."

அவன் ஐயரைப் பார்த்தான். ஐயர் கூரையைப் பார்த்தார். அவள் அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். "நான் வரல கிறிஸ்டோபர். இவகிட்ட என் கணக்கும் கொஞ்சம் இருக்கு" என்றாள். கிறிஸ்மஸ்வரை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவன் போனான். போகுமுன் பெட்டியை டிரைவர் திரும்ப வீட்டுக்குள் வைத்தான். ஐயரம்மாவுக்குப் பலகாரம் கிடைக்கவில்லை.

நாளைக்குப் பிள்ளைகள் சென்னைக்குப் போகிறார்கள். புத்தகத்தை ஐயரிடம் கொடுக்கும்போது, "பிள்ளேள்ட்ட மிஷன் பாரம், ஊழிய ஆசை வந்திருக்கா?" என்று கேட்டார். வந்திருக்கிறது என்றேன். தாமார் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆச்சி, நம்ம மிஷன் முடிஞ்சிருச்சா?"

"எப்பிடி முடியும்? இன்னும் ஒருத்தியும் மனந்திரும்பலையே."

வீட்டுக்கு வந்து அப்பாவை இறக்கித் துடைத்தேன். திரும்ப மாட்டும்போது ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. நேராக்கவில்லை.

அப்பாவை மன்னிப்பது பெரிய காரியம் இல்லை. பொய் சொன்னவர், பயந்தவர், ஆறு பிள்ளைக்காரர். அப்படிப்பட்டவர்களை மன்னிப்பதற்குத்தான் கோயிலே இருக்கிறது. ஆனால் ஒரு தப்பும் செய்யாமல், எல்லாம் தெரிந்துகொண்டு, என் வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு, என் மகனுக்கு அ போட்டுக் கொடுத்துக்கொண்டு, இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாளே ஒருத்தி. அவள் அப்படி நல்லவளாக இருந்த அறுபத்தாறு வருஷத்தை யாரால் திருப்பித் தரமுடியும். அதை நான் மன்னிக்கமாட்டேன். நாளையிலிருந்து தினம் மத்தியானம் போய் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருவேன். துவையலும் எடுத்துக்கொண்டு போவேன், வெறும் வயிற்றில் கேட்டால் அவளுக்கு ஏறாது.

பேரை எழுதமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். எழுதிவிடுகிறேன், மறந்துபோகும் என்று இல்லை.

நவமணி.